அடி தங்காத கிண்ணங்கள்

மரம் கடையும் லேத்தை நிறுத்தி, முகக்கவசத்தை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கிண்ணத்துக்குள் ஒரு ஊது ஊதினார் சலூன்காரர். தூள் பறந்தது. கட்டைவிரலை உள்ளேயும் ஆள்காட்டி விரலை வெளியேயும் வைத்து, விளிம்பிலிருந்து அடிவரை தடவிப் பார்த்தார். சுற்றி நின்றவர்களுக்கு வேலை முடிந்துவிட்டதாகவே தோன்றியது. கிண்ணம் அவ்வளவு அழகு. "இன்னும் கொஞ்சம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கவசத்தை இறக்கினார். பக்கத்து லேத்தில் நின்ற பல் டாக்டர் உளியைக் கீழே வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்.

டொப்பென்று ஒரு சத்தம். கிண்ணத்தின் அடி வட்டமாகக் கழன்று போய், அந்த இடத்தில் லேத்தின் இரும்பு பளபளத்தது.

கூட்டத்தில் இருந்த தபால்காரர் ஒருவர் இதையும் வித்தை என்று நினைத்துக் கைதட்டினார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் தட்டினார்கள். சலூன்காரர் கிண்ணத்தைக் கழற்றி, ஓட்டை வழியே ஒற்றைக் கண்ணால் அவர்களைப் பார்த்து, "ஒரு நூல் அளவு அதிகமாப் போயிடுச்சுங்க" என்றார்.

"ஓட்டைய அடைக்கிறதுதான் சார் என் பொழப்பு. ஆனா உங்க ஓட்டைக்கு என்கிட்ட சாமான் இல்ல" என்றார் பல் டாக்டர்.

ஒரு காலத்தில் அச்சகம் இருந்த கட்டடத்தின் தரைத்தளத்தில் இருக்கிறது அந்தக் கடைசல் மன்றம். பஸ் டிரைவர், கணக்கு டீச்சர், பல் டாக்டர் என்று பகலில் வேறு வேறு வேலை பார்க்கிறவர்கள், ஓய்வு கிடைத்தால் இங்கே வந்து மரம் கடைகிறார்கள். வருஷத்தில் ஒரு சனி, ஞாயிறு மட்டும் கதவைப் பொதுமக்களுக்குத் திறந்து வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், வேடிக்கை பார்க்கலாம், ஆசையிருந்தால் உளியும் பிடிக்கலாம்.

அப்படி வருகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது கூரையை. அங்கே தொங்கும் பல்புகளுக்கெல்லாம் மரக்கூடு உண்டு. தேன் நிறம், வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்கு மெல்லிய சுவர். விலைக்குக் கிடைக்குமா என்றுகூடக் கேட்பார்கள். அத்தனையும் சலூன்காரர் கைவேலை. அவற்றில் ஒன்றைக்கூட அவர் விளக்குக்கூடு செய்வதாக நினைத்துத் தொடங்கவில்லை.

மன்றத்தில் அவருக்கு 'இன்னும்கொஞ்சம்' என்றே பெயர். சலூனிலும் அதே கைதான். "லேசா எடுங்கண்ணே" என்று உட்காருகிறவர் எழுந்திருக்கும்போது பிடரியில் காற்றுப் படும். ஆனாலும் வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போவதில்லை. கை பஞ்சு மாதிரி, பேச்சோ அதைவிடச் சுகம். "முடின்னா வளந்துடும், யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க. மரம் வளருமா?" என்று அவர் மனைவி கேட்பார். அவர் கத்தரியைத் துடைக்கத் தொடங்கிவிடுவார்.

விஷயம் தெரியாமல் செய்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது. லேத் கவ்விப் பிடிப்பதற்காகக் கிண்ணத்தின் அடியில் வெளிப்பக்கம் ஒரு பள்ளம் வெட்டுவார்கள். உள்ளே குடையும்போது அந்தப் பள்ளத்தின் ஆழத்தை மனதில் கழித்துக்கொண்டே போக வேண்டும். மறந்தால் கிண்ணம் புனலாகிவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு இதை அவரைவிடப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. மரம் மெலியும்போது உளியின் சத்தம் மாறும் என்பதும் அவருக்குத் தெரியும். அந்தச் சத்தம் கேட்ட பிறகும் போவார். ஏன் என்று கேட்டால், "நடுவுல ஒரு சின்ன மேடு தெரியுது பாருங்க. அத அப்படியே விட்டுட்டு வீட்டுக்குப் போய் எப்படிங்க தூங்கறது?" என்பார்.

பேச்சிலும் இதே கதைதான். அதில்தான் அவர் வசமாக மாட்டிக்கொண்டார்.

அவருக்கு ஒரே மகள். பேங்க் வேலையை உதறிவிட்டு, தோழியோடு சேர்ந்து சைக்கிள் ரிப்பேர் கடை போட்டாள். முதலில் குதித்தார், பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், கடைசியில் ஒரு வழியாக இறங்கி வந்தார். கடை திறந்த அன்று தானே போய் முதல் சைக்கிளுக்குக் காற்றடித்தார். "நல்லாருக்கும்மா. சுத்தமா வெச்சிருக்க" என்றார். மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். படியில் இறங்கியவர் திரும்பி நின்று, "இருந்தாலும், பேங்க்ல இருந்திருந்தா இந்நேரம் மேனேஜர்" என்றார்.

அன்றிலிருந்து மகள் அவரோடு பேசுவதில்லை. போனை அவர் எடுத்தால், "அம்மா இருக்காங்களா?" என்ற ஒரே கேள்விதான். நாளெல்லாம் சலூனில் ஊர்ப்பட்ட பேச்சுப் பேசுகிற மனிதர், போனை மனைவி கையில் கொடுத்துவிட்டு, தாகமே இல்லாமல் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடிப்பார்.

இந்த வருஷத் திறப்பு நாட்களைப் பற்றி மகளிடம் சொன்னது அம்மாதான். ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் வந்து எட்டிப் பார்க்கிறேன் என்று பதில் வந்தது. அதைக் கணவரிடம் சொன்னபோதே மனைவி கறாராகப் பேசிவிட்டார். "வந்தா வரட்டும், பாத்துட்டுப் போகட்டும். நல்லாருக்கியான்னு கேளுங்க, அதோட நிறுத்துங்க. ரெண்டாவது வரியே வேண்டாம். இந்தத் தடவையும் கெடுத்தீங்கன்னா அவ நம்ம வாசப்படி மிதிக்க மாட்டா, சொல்லிட்டேன்."

"எனக்குத் தெரியாதா?" என்றார் அவர். தெரிந்ததுதான் சிக்கல். சனிக்கிழமை கிண்ணத்தின் அடி போனது வழக்கத்தால் என்றால், ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு கிண்ணம் போனது பயத்தால். உளி மரத்தில் இருந்தது, கண் வாசலில் இருந்தது. "இது என்ன மரங்க?" என்று கேட்டவர்களுக்கு வழக்கமாக அந்த மரத்தின் ஜாதகத்தையே சொல்லுகிறவர், அன்று "மரந்தாங்க" என்றார். பல் டாக்டர் பயந்துபோய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மகள் மத்தியானத்துக்கு மேல் வந்தாள். விரல் ரேகையெல்லாம் செயின் எண்ணெய். முடியை இறுக்கிப் பின்னால் கட்டியிருந்தாள். சின்ன வயதிலிருந்து அவரைத் தவிர யாரும் கத்தரி வைத்திராத முடி. இப்போது வேறு யாரோ வெட்டியிருக்கிறார்கள். இடது பக்கம் கொஞ்சம் நீளம் கூடுதல். அது எந்தக் கடைக் கத்தரி என்பதுகூட அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நல்லாருக்கியா?" என்றார்.

"ம். இருக்கேன்."

மனைவி அனுமதித்த ஒரே வரி அதோடு செலவாகிவிட்டது. இருவரும் லேத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதில் அவர் பாதி குடைந்த கிண்ணம் ஒன்று இருந்தது.

"நான் பிடிச்சுப் பாக்கலாமா?" என்று அவளே கேட்டாள்.

கவசத்தை மாட்டிவிட்டார். நிற்க வேண்டிய இடத்தைக் காட்டினார். உளியை எங்கே ஊன்ற வேண்டும், முழங்கையை எப்படி இடுப்போடு ஒட்டி வைக்க வேண்டும், அடியில் எவ்வளவு மரம் பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். சைக்கிள் சக்கரத்தின் கோட்டம் எடுத்துப் பழகிய கை, சட்டென்று பிடித்துக்கொண்டது. சீவல் சுருள் சுருளாகக் கிளம்பி அவள் தோளிலும் தலையிலும் விழுந்தது. அவர் முகத்தில் பெருமை அப்பட்டமாகத் தெரிந்தது. மறைக்கவும் இல்லை.

உளியின் சத்தம் மாறியது. அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் உளியை விலக்கி, லேத்தை நிறுத்திவிட்டாள். கட்டைவிரலை உள்ளே விட்டுத் தடவினாள்.

"நடுவுல மேடு மாதிரி ஒண்ணு இருக்குப்பா. எடுக்கணுமா?"

அப்பா என்ற சொல்லைக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. குனிந்து பார்த்தார். மேடு இருந்தது. அரிசி அளவுதான், ஆனால் இருந்தது. அவருடைய வலது கை உளிப்பக்கம் பாதி தூரம் போய்விட்டது. டாக்டர் காதைப் பொத்தத் தயாரானார்.

"போதும்மா" என்றார்.

காதுக்குப் போன கைகளை டாக்டர் மெதுவாக இறக்கினார். பஸ் டிரைவர் எழுந்து வந்து கிண்ணத்தின் அடியைத் தட்டிப் பார்த்தார். நிஜமாகவே அடி இருந்தது.

கிண்ணம் கொஞ்சம் கனம்தான். அவள் அதைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டாள். "கடைல ஒரு வண்டி பாதில நிக்குது. முடிச்சுட்டு ராத்திரி வீட்டுக்கு வர்றேன். சாப்பாட்டுக்கு இருப்பேன்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க."

"சரிம்மா."

அவருடைய நாக்கு நுனியில் வார்த்தைகள் ஒரு பட்டாளமாக வந்து நின்றன. இப்படி முன்னாலேயே வந்திருக்கலாமே என்பது ஒன்று. ஒரு போன் பண்ணக் கூடாதா என்பது இன்னொன்று. அந்த இடது பக்க முடியை வெட்டினவன் கையை உடைக்கணும் என்பது எல்லாவற்றையும் முந்திக்கொண்டு வந்தது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினார்.

அவள் தலையில் சீவல் ஒட்டியிருந்தது. சலூனில் வேலை முடிந்ததும் செய்வதுபோல விரல் நுனியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். அவள் விலகாமல் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தாள். காதுக்குப் பின்னால், அந்த நீளக் கூடுதலான முடியில், இன்னும் ஒரு சுருள் மிச்சம் இருந்தது. அவர் கை மறுபடி உயர்ந்தது. பாதியில் நின்றது. கையை மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.