கேட்டில் கிடந்த பால்

சிவகாசிக்கு வெளியே, கட்டம் கட்டமாக மனை பிரித்த காலனியில் தனியாக இருக்கிறேன். கல்லூரியில் நிகழ்தகவு நடத்துகிறேன். போன தீபாவளி சீசனில் காய்ச்சல் வந்து நாலைந்து நாள் எழுந்திருக்கவே இல்லை. கல்லூரிக்கு லீவு சொன்னேன். அதற்குமேல் போனில் கூப்பிட எனக்கு ஆள் கிடையாது.

செத்துக் கிடந்தால் இந்தக் காலனிக்கு எப்போது தெரியும்? படுத்தபடி அதை மட்டும்தான் யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து கதவைத் திறந்தால், கேட்டுக்குள் பால் பாக்கெட்டுகள் உப்பிப்போய்க் கிடந்தன. நாற்றம். அள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

“இது கண்ணுல படலையா?”

“பட்டுச்சு டீச்சர். ஊருக்குப் போயிருப்பீகன்னு நெனச்சேன். எதுத்த வீட்டு அக்காட்ட கேப்பம்னா அவுக பட்டாசுக் கம்பெனில ஆர்டர் முடிச்சு வர இருட்டிருது. எனக்கும் அதே கததான்.”

எதிர் வீட்டுக்காரியையும் விடவில்லை.

“பக்கத்துலதான அவ இருக்கா, பாத்துக்கிடுவான்னு இருந்துட்டேன். நீங்களும் ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல? கிளாஸ்ல மட்டும் ஒங்க சத்தம் ரோடு வரைக்கும் கேக்குதாம், எம்மக சொல்லுதா!”

வருடா வருடம் நான் நடத்தும் பாடம்தான் இது. பலகையில் கட்டமாகப் புள்ளி வைப்பேன். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு தடவையும் காசு சுண்டுவோம். காசு ஒரு பக்கமாகச் சாய்ந்து, சேரும் வாய்ப்பு பாதிக்குக் கொஞ்சம் குறைந்தாலும் போச்சு. பெரிய கட்டத்தில் சின்னச் சின்னத் தீவுகள்தான் மிஞ்சும், ஓரத்திலிருந்து ஓரத்துக்கு வழி இருக்காது. பாதிக்குக் கொஞ்சம் கூடினால் வழி கிடைத்துவிடும். எந்தக் கோடு விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. மொத்தத்தில் என்ன ஆகும் என்று சொல்லிவிடலாம்.

“எங்கப்பா வேல பாக்குற பட்டாசுக் கம்பெனில ரூம்களத் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கது இதுக்குத்தான மேடம்?” என்று ஒரு வருடம் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். ஆமாம், தீ தாண்டக் கூடாது. ஆனால் அங்கே ஒருவர் திட்டம்போட்டுக் கட்டுகிறார். எங்கள் காலனியில் யாரும் திட்டம் போடவில்லை. ஒருத்திக்கு ஆர்டர், ஒருத்திக்கு அசதி, எனக்கு வாய் திறக்கப் பிடிக்காது. அவ்வளவுதான். யாரைத் திட்டுவது? கோபத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு முகம்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

திங்கட்கிழமை காலையில் மாற்றுச் சாவியைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் நீட்டினேன்.

“எதுக்கு டீச்சர்?”

“நாறுறதுக்கு முந்தி வந்து தொறக்க.”

“நல்ல வார்த்தையே வராதா ஒங்க வாயில? காலங்காத்தால!”

திட்டிக்கொண்டேதான் வாங்கினாள். ஒரு கோடு கூடியதால் பலகை மாறிவிடாது. தெரிந்துதான் கொடுத்தேன். அதற்குள் கம்பெனி வேன் ஹார்ன் அடித்தது. சாப்பாட்டு வாளியும் சாவியுமாக ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

அன்று முழுக்க என் வீட்டுச் சாவி விஸ்வநத்தத்தில், அவள் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில் இருந்தது.