அம்மன் படத்துக்கு அடியில் மானியப் பட்டியல்

போன வாரம் திங்கட்கிழமை காலையில் பால் ஊற்றப் போன இடத்தில், சுவரில் என் பேரைப் பார்த்தேன்.

எங்கள் ஊர் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே பால் சங்கத்துச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தார்கள். கறவை மாடு வைத்திருப்பவர்களில் யார் யாருக்கு அரசாங்கத்தின் தீவன மானியம், எத்தனை மாட்டுக்கு, எவ்வளவு ரூபாய்... எல்லாம் வரிசையாக, ஊரே படிக்கிற மாதிரி.

ஏழாவது பேர் என்னுடையது.

வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்கு என்னைத் தெரியுமே. மழை பெய்தால் அருவியில் வெள்ளம் வருமோ என்று பயப்படுவேன். பெய்யாவிட்டால் குற்றாலச் சீசன் போய்விடுமோ என்று பயப்படுவேன். இந்தப் பட்டியலை என் மச்சான் பார்த்தால் கைமாற்று கேட்பானே? நாலு பேர் கண் பட்டு, மாடு பால் சுரக்காமல் போய்விட்டால்?

ஸ்கூட்டர் பெட்டியில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸ் ஒரு கட்டு கிடந்தது. கொடைக் கமிட்டியில் நோட்டீஸ் ஒட்டுகிற வேலை எனக்கு. யாரும் வருவதற்குள் ஒன்றை எடுத்துப் பட்டியல் மேலேயே ஒட்டிவிட்டேன். அம்மன் படம் போட்ட நோட்டீசை எங்கள் ஊரில் எவன் கிழிப்பான்?

ஐந்து நாள் நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை பால் ஊற்றப் போனால், பக்கத்துத் தெரு செல்வி சங்கச் செயலாளரிடம் பேசிக்கொண்டிருந்தாள். புருஷன் இல்லாதவள். ஒரே ஒரு மாடு, அதுவும் சினை.

"மானியம் வரப்போவுதுன்னு எல்லாருக்கும் போன்ல மெசேஜ் வந்துட்டாம் சார். எனக்கு ஒண்ணையும் காணலியே. இது இல்லன்னா தீவனத்துக்கு வழியில்ல. மாட்ட வித்துர வேண்டியதுதான்."

"லிஸ்ட்டுல ஒம்பேரு இருக்கான்னு பாத்தியா? விட்டுப்போச்சுன்னா எழுதிக் குடுக்க இன்னைக்குச் சாயங்காலம்தான் கடைசி. அடியிலயே போட்டிருக்கே."

"எந்த லிஸ்ட்டு? சுவத்துல கொடை நோட்டீஸ்லா இருக்கு."

அடியில் போட்டிருந்ததா? எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். பட்டியலை ஏழாவது வரியோடு நிறுத்திவிட்டேன்.

செயலாளர் வெளியே வந்து பார்த்தார். "ஏம் வே, நோட்டீஸ் நீருதான ஒட்டுவீரு? இங்கன ஒரு லிஸ்ட் இருந்துச்சே, பாத்தீரா?"

இல்லை என்று சொல்லிவிடலாமா? செல்வியின் முகத்தைப் பார்த்தேன். முடியவில்லை.

"அதுக்கு அடியில இருக்கு. நாந்தான் ஒட்டுனேன்."

"ஏன் வே?"

"எம்பேரு இருந்துச்சு."

பால் கேனோடு நின்ற அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள்.

கன்னத்தில் போட்டுக்கொண்டு, தண்ணீர் தெளித்து, அம்மனைப் பதமாக உரித்தேன். பட்டியலும் ஓரத்தில் கொஞ்சம் கிழிந்தது. ஏழாவது வரிக்கு மட்டும் ஒரு சேதாரமும் இல்லை.

செல்வி விரலை வைத்து மேலிருந்து கீழே தேடினாள். இரண்டு தடவை. அவள் பேர் இல்லை.

"எழுதும் வே" என்று செயலாளர் பேப்பரை என்னிடமே நீட்டினார். எத்தனை வருஷமாகப் பால் ஊற்றுகிறாள் என்பதிலிருந்து மாட்டின் காதில் மாட்டியிருக்கிற நம்பர் வரைக்கும் எழுதினேன். வாராவாரம் உங்களுக்கு எழுதுகிற அதே கைதான். சாயங்காலத்துக்குள் மனு போய்ச் சேர்ந்துவிட்டது. சரிபார்த்துப் பேரைச் சேர்த்துவிடுவோம் என்று இந்தத் திங்கட்கிழமையே பதிலும் வந்துவிட்டது. மாடு செல்வி வீட்டிலேயே கன்று போடும்.

பேர் இருக்கிறவனுக்கு எதற்குப் பட்டியல்? இல்லாதவர்கள் தேடிப் பார்க்கத்தானே அதைச் சுவரில் ஒட்டுகிறார்கள்? இத்தனை வயதுக்கு அப்புறம்தான் இது எனக்கு உறைத்தது.

சரி, என் ஏழாவது வரி? எல்லாரும் படித்தார்கள். ஒருத்தரும் கண் வைக்கவில்லை. செல்விதான் வாய்விட்டுக் கேட்டாள்:

"இம்புட்டுத்தானா அண்ணாச்சி? இதுக்கா அம்மனைக் காவலுக்கு நிப்பாட்டுனிய?"