நாலு மணிக் கச்சேரிக்கு ஃபேன் போட்டவன்

எங்கள் ஊரில் மே மாதம் பத்து நாள் சங்கீத விழா நடக்கும். ஆற்றுக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபம்தான் அரங்கு. ஏசி கிடையாது. விழாவுக்கென்று ஒன்பது பேரை வேலைக்கு எடுப்பார்கள். செருப்புக் காவலுக்கு இரண்டு பேர், வாசலில் டிக்கெட் கிழிக்க இரண்டு, காபிக்கு மூன்று, மைக்குக்கு ஒருவர். ஒன்பதாவது ஆள் நான். ஃபேன் போடுகிறவன்.

கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் இந்த வேலைக்குப் போவதா என்று வீட்டில் பேச்சு வந்தது. "நீங்க போடலைன்னா அது சுத்தாதாக்கும்?" என்றாள் என் மனைவி. சுற்றும். எப்படிச் சுற்ற வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மண்டபத்தில் இருபத்து நான்கு ஃபேன், நான்கு நான்காக ஆறு வரிசை. ஒவ்வொன்றுக்கும் தனி ரெகுலேட்டர். எல்லாம் மேடைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரே பலகையில் இருக்கும். முழு வேகத்தில் விட்டால் இரைச்சலை மைக் பிடித்துக்கொள்ளும். நிறுத்தினால் ஜனம் புழுங்கும். புழுங்கினால் விசிறியைக் கையில் எடுக்கும்.

அந்த விசிறி என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. இந்த வருஷம் ஒரு ஜவுளிக்கடைக்காரர், கடைப்பெயர் அச்சடித்த பனையோலை விசிறிகளை வாசலில் ஆளுக்கொன்றாகக் கொடுக்க ஏற்பாடு செய்திருந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் இருநூறு ஓலை சேர்ந்து படபடத்தால், காற்றடிக்கும் நேரத்தில் பனங்காட்டுக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அதற்கு ஃபேனே தேவலை. முதல் மூன்று நாளும் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

நாலாம் நாள், நாலு மணிக்கு வீணை. அம்பாசமுத்திரத்துப் பெண். எங்கள் விழாவில் முதல் தடவையாக வாசிக்க வந்திருந்தாள். முன்னாலேயே வந்து சுருதி சேர்த்துவிட்டு மைக்காரரிடம் கேட்டாள், "அண்ணே, ஃபேன் சத்தம் கூடவே வருதே?"

"நான் கூட்டி வச்சா ஃபேனும் சேந்து வாசிக்கும்க்கா. சார்ட்ட கேளுங்க."

என்னிடம் வந்தாள். "சார், ஆலாபனை வரைக்குமாவது நிறுத்த முடியுமா? மீட்டின பெறவு தேஞ்சு போற நாதந்தான் வீணை. அது கேக்கலைன்னா நான் வாசிச்சு என்ன?"

அதைக் கேட்டுக்கொண்டே விழாச் செயலாளர் வந்தார். பாத்திரக்கடை வைத்திருப்பவர், குரலும் பாத்திரக்கடைதான். "ஃபேனை நிறுத்தக் கூடாது. போன வருஷம் நாலு மணிக்குப் புழுக்கம் தாங்காம பாதிப் பேரு எந்திச்சுப் போயிட்டாவ. இன்னைக்கும் போனா, அடுத்த வருஷம் இந்த நேரத்துல வீணையே கெடையாது. சொல்லிட்டேன்."

அவள் மேடைக்குப் போய் உட்கார்ந்தாள்.

நூற்று எண்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். இரண்டு முறை எண்ணினேன். நிறுத்தக் கூடாது என்றுதான் செயலாளர் சொன்னார். குறைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. மூன்று நாளில் நான் கவனித்து வைத்தது ஒன்று உண்டு. விசிறுவது கொட்டாவி மாதிரி. ஒருவர் ஆரம்பித்தால் பக்கத்து நாற்காலிக்குத் தொற்றும். முதல் விசிறி எழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தோடி ராக ஆலாபனையை ஆரம்பித்தாள். மேடைக்கு நேரே இருந்த நாலு ஃபேனையும் ஒரு புள்ளி குறைத்தேன். கொஞ்சம் பொறுத்து அடுத்த வரிசை. அப்புறம் மறுபடி முதல் வரிசை. ஒரேயடியாக நிறுத்தினால்தான் ஜனத்துக்குத் தெரியும். பைய இறக்கினால் தெரியாது. நான் மேடையைப் பார்க்கவே இல்லை, கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வரிசையில் ஒரு விசிறி மடியிலிருந்து எழுந்தது. அந்தத் தலைக்கு மேலிருந்த ஃபேனுக்கு ஒரு புள்ளி கூட்டினேன். விசிறி மடிக்கே போயிற்று. ஐந்தாம் வரிசையில் இரண்டு. கூட்டினேன், குறைத்தேன். என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது; பலகை இருந்த மூலையில் காற்றே கிடையாது.

பின்னாலிருந்து ஒரு குரல்: "என்னவே, கரண்டு கொறவா வருதா?"

"சும்மா இரும்வே. கரண்டு வந்து உமக்கு என்ன ஆவணும்? வாசிக்காவ பாத்தீரா!"

செயலாளர் குனிந்தபடியே ஓடிவந்தார். "என்ன சார் பண்ணுதிய?"

"எல்லாம் சுத்திக்கிட்டுதான் இருக்கு அண்ணாச்சி. எண்ணிக்கிடுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். சுற்றிக்கொண்டுதான் இருந்தன, இறக்கைகளை ஒன்று இரண்டு என்று எண்ணும் வேகத்தில். அந்த நேரம் அவள் கீழ் ஸ்தாயியில் ஒரு முறை மீட்டி, அந்த ஒரே மீட்டில் தந்தியை இழுத்து இழுத்து மூன்று ஸ்வரம் பேசவைத்தாள். கடைசி ஸ்வரம் நூலாக இளைத்து, எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடிந்தது. கடைசி வரிசைக்கும் அது கேட்டது. எப்படித் தெரியும் என்றால், அங்கேயும் ஒரு கை அசையவில்லை. செயலாளர் அப்படியே என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆலாபனையும் அதைத் தொடர்ந்து வாசிக்கிற தானமும் முடிந்து கைதட்டல் எழுந்ததும் இருபத்து நான்கையும் முழு வேகத்தில் விட்டேன். மண்டபம் முழுக்க "ஹப்பாடா" என்று ஒரு மூச்சு வந்தது. எண்ணினேன். நூற்று எண்பது. போன இரண்டு பேரில் ஒருவர் பாத்ரூமிலிருந்து திரும்பி வந்தார். இன்னொருவர் பஸ்ஸுக்குப் போனவர். அவரை என் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

கச்சேரி முடிந்ததும் செயலாளர் அவளிடம் போனார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த வருஷமும் நீதாம்மா வாசிக்கணும். நாலு மணிக்கு இல்ல, ராத்திரி ஏழுக்கு."

அவள் என் பக்கம் திரும்பி, "சார் இருப்பாங்கல்லா?" என்றாள்.

"அவியளா? வெரட்டுனாலும் போமாட்டாவ."

எனக்கு அப்போது வாயெல்லாம் பல்லாக இருந்திருக்கும். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். "ராத்திரி ஏழுன்னா முந்நூறு பேரு வருவாவ, அண்ணாச்சி. ஓரத்துல காத்து எட்டாது. இன்னும் நாலு ஃபேன் மாட்டணும். இப்பவே எலக்ட்ரீசியன்ட்ட சொல்லி வையுங்க."