யன்னல் பூட்டிய புது வீடும் சிலாபத்துப் பலாப் பலகையும்

புது வீடு கட்டிக் குடிபோய் ஆறு வாரத்தில், சமையலறை அலுமாரிக்குப் பலகை தேடிச் சிலாபத்துக்கு பஸ் ஏறினேன். கட்டும்போது மூளை வேலை செய்யவில்லை, வேறென்ன? வீட்டு உள்வேலைக்குச் சாமான் தேடுகிறவர்கள் என்னைப் பார்த்தாவது திருந்துங்கள்.

மகள் ஹம்னாவுக்கு ஏழு வயது. குடிபோன மூன்றாம் நாளே அவளுக்கு மூச்சுத் திணறி முட்டு இழுக்கத் தொடங்கியது. மருந்து கொடுத்த டொக்டர், "புதுசா பெயின்ட் அடிச்சீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். அன்றிலிருந்து அவளும் மனைவியும் மனைவியின் அண்ணன் வீட்டில். அழகான புது வீட்டில் நான் மட்டும்.

சனிக்கிழமை காலை 6.20க்குப் புத்தளத்தில் ஏறினேன். ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல், டிக்கெட் 240 ரூபாய். வழியில் முந்தலில் பஸ் நின்றபோது ஒரு பிளேன்டீ. 7.55க்குச் சிலாபம். மீன் சந்தையடியிலிருந்து பலகை விற்கும் மரக்காலைக்கு ஓட்டோ 200 ரூபாய்.

மரக்காலைக்காரர் யுத்த காலத்தில் வன்னியிலிருந்து வந்து தங்கியவர். போனில் என் அலுமாரியின் படத்தைக் காட்டினேன்.

"இது தூள் பலகை தம்பி. மரத்தூளைப் பசையில குழைச்சு அமத்தினது. வெட்டின விளிம்பை மூடாம விட்டிருக்கினம், மணம் வந்துகொண்டேதான் இருக்கும். யன்னலாவது திறந்து விட்டனீங்களோ?"

"இல்ல அண்ணன். களப்படியில வீடு. கடலேரி உப்புக் காத்துக்கு யன்னல் கிறில் கறள் புடிச்சிரும் எண்டு பெயின்ட் அடிச்ச நாள்ல இருந்து பூட்டியே வச்சிருந்தேன்."

"எத்தினை நாள்?"

"குடிபோற வரைக்கும். பதினெட்டு நாள்."

அவர் எழும்பி உள்ளே போய் பசை சேராத முழுப் பலாப் பலகை ஒன்றை இழுத்து வந்தார்.

களப்படியில் எல்லாரும் செய்வதுதான் இது. துருப்பிடிக்கும் என்று புதுக் கிறில்லைக் காற்றுக்குக் காட்டமாட்டோம். மகளின் நெஞ்சைவிட இரும்பு எனக்குப் பெரிதாகிவிட்டது. குடிபோன அன்று வந்தவர்கள், "மாஷா அல்லாஹ், புது வீட்டு மணம்!" என்றபோது நான் வேறு பூரித்துப்போய் நின்றேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பலா விலை கூடத்தான். எல்லாவற்றுக்கும் முடியாவிட்டால் பிள்ளைகள் படுக்கும் அறைக்காவது முழு மரம் போடுங்கள். தூள் பலகைதான் கட்டுப்படியாகும் என்றால் விளிம்பு முழுவதையும் மூடச் சொல்லுங்கள். பெயின்ட் தண்ணீரில் கரைப்பதாக, மணம் குறைந்ததாகக் கேட்டு வாங்குங்கள். யன்னலைத் திறந்துபோட்டு, சில வாரம் பொறுத்துக் குடிபோங்கள். கறள் பிடித்த கிறில்லுக்குத் திரும்பப் பூசிக்கொள்ளலாம்.

அலுமாரியைக் கழற்றியாயிற்று. இப்போது யன்னல்கள் இரவும் பகலும் திறந்தே கிடக்கின்றன. நேற்று ஹம்னா கேற்றடிக்கு வந்தாள், உள்ளே வரவில்லை.

"வாப்பா, மணம் போயிட்டா?"

நன்றாக இழுத்து முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் "போயிட்டு மகள், வாங்க" என்று சொல்ல வாய் வரவில்லை. அன்று அதை நல்ல மணம் என்று பூரித்ததும் இதே மூக்குத்தான்.