எதிர்வெயில்

கண்ணாடியின் மேல் ஒட்டியிருந்த நீலத் தாளை உரித்தபோது சர்ரென்று வந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. திண்டிவனம் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்கு மூன்று மாடி உயரத்துக்கு முகப்புக் கண்ணாடி பதித்தேன். விழுப்புரத்தில் சின்னப் பட்டறை வைத்திருந்த எனக்கு அதுதான் முதல் பெரிய வேலை. கீறல் விழக்கூடாது என்று திறப்பு விழா வரைக்கும் அந்தத் தாளைப் பிரிக்கமாட்டோம். அதனால் மூன்று மாதம் கட்டடம் மங்கலாக, பரம சாதுவாக நின்றது. விழாவுக்கு மாலை கட்டிக் கொடுத்தது எதிர்ச்சாரியில் பூ விற்ற என் அத்தைதான், அப்பாவின் தங்கை. தாளை உரித்ததும் தெருவே கை தட்டியது. "எங்க அண்ணன் புள்ள பண்ணதுங்க" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லி மாளவில்லை அவளுக்கு.

அத்தை அந்த இடத்தில் உட்கார்ந்ததே நிழலுக்காகத்தான். மதியம் தாண்டினால் வெயில் அவள் முதுகுப்பக்கத்துக் கடைகளுக்குப் பின்னால் போய்விடும், மல்லி வாடாது. எதிரே முன்பு இருந்தது சொரசொரப்பான சுண்ணாம்புச் சுவர். அது வெயிலை வாங்கி நாலா பக்கமும் சிதறடித்துவிடும், யாருக்கும் உறைக்காது. வழவழப்பான கண்ணாடி அப்படி இல்லை. எந்தச் சாய்வில் வெளிச்சம் வந்து விழுகிறதோ, அதே சாய்வில் மொத்தமாக எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். மறுநாள் மூன்று மணிக்கு அது அத்தையின் கூடையில் வந்து விழுந்தது. "இன்னாப்பா இது, சூரியன் முன்னால வந்து நின்னுக்கினு கீது. குடை வெச்சா அதுக்கு அடியில பூந்து வருது. பூவெல்லாம் வெந்து பூடுச்சி" என்றாள். எனக்கு இது தெரியாததில்லை. அளவெடுத்த நாளிலேயே, சாயங்கால வெளிச்சம் எதிர்ச்சாரியில் விழும் என்று கணக்குப் போட்டிருந்தேன். எதிர்ச்சாரி என்றுதான் நினைத்தேனே தவிர, அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைக்கவில்லை.

கீழ்மாடிக் கண்ணாடிக்கும் நடுமாடிக் கண்ணாடிக்கும் மங்கல் ஸ்டிக்கர் ஒட்டினால் தீர்ந்தது. அதைச் சொல்லத்தான் முதலாளியிடம் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள், "விழுப்புரத்துல அடுத்த கடை கட்டறோம், அதுவும் உங்க கண்ணாடிதான். இதே பளபளப்பு வேணும்" என்றார். அவர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன். வெட்கங்கெட்ட காபி. தெருவைத் தாண்டி அத்தையிடம், "சொல்லிட்டேன் அத்தே, பாக்கறேன்னாரு" என்றேன். அவள் நம்பினாள். இரண்டு கோடையை அந்த ஒரு வார்த்தையை நம்பியே ஓட்டினாள். ஈரத்துணியைப் போட்டுப் போட்டுப் பூவை மூடினாள், கண்ணில் நீர் வடிய வடியக் கட்டினாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் தானே கடைக்குள் போய்க் கேட்டிருக்கிறாள். "எங்கிட்ட யாருமே சொல்லலியேம்மா" என்றாராம் முதலாளி. இதை எனக்குச் சொன்னது கடைப் பையன். அத்தை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விழுப்புரத்துக் கடையும் இப்போது பளபளவென்று நிற்கிறது. போன மாதம் திண்டிவனம் போயிருந்தேன். நாலு மணி இருக்கும். அத்தை தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள். முகம் தெரியாத பூக்காரியிடம் யார் நின்று வாங்குவார்கள்? கூடை நிறையப் பூ அப்படியே கிடந்தது. "ரெண்டு மொழம் குடு அத்தே" என்றேன். என் குரல் அவளுக்குத் தெரியாதா? முழம் போட்டு நறுக்கினாள். திரும்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டி, "இந்தாங்க சார்" என்றாள்.