பாருய்ப்பூரில் பார்த்த வீடு

நான் ஏழாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் குடும்பம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊர் ஊராக வீடு பார்க்கப் போய்க்கொண்டிருந்தது. அப்போது லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்தோம். அதை இடித்து அடுக்குமாடி கட்டுவதற்கு வீட்டுக்காரர் ஒரு புரொமோட்டரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டார். இனி வாடகை வீடே வேண்டாம், சின்னதாக இருந்தாலும் சொந்தமாக ஒன்று வாங்கிவிடுவது என்று அப்பா முடிவு செய்தார். கொல்கத்தாவுக்குள் அது நடக்காது என்று தெரிந்துகொள்ள அவருக்கு அதிக நாள் ஆகவில்லை. அதன்பிறகு பாலிகஞ்ச் ஸ்டேஷனிலிருந்து தெற்கே போகிற லோக்கல் ரயில் எங்கெல்லாம் நிற்குமோ அங்கெல்லாம் நாங்களும் இறங்கினோம்.

எந்த ஊரில் வாங்குவது என்பதில் அப்பாவுக்கு ஒரு கொள்கை இருந்தது. வீட்டைவிட ரயில் முக்கியம். "வண்டி கெளம்புற ஊர்லதான்ட்டி வீடு வாங்கணும். நடுவுல ஏறுனா தொங்கிக்கிட்டுதான் போணும். கெளம்புற எடத்துல ஏறுனா உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டே ஆபீஸ் போய்ரலாம்" என்பார். ஜாதவ்பூரிலிருந்து எங்களை விலை விரட்டியது, கரியாவிலிருந்து கூட்டம் விரட்டியது. காலையில் பாருய்ப்பூரிலிருந்தே புறப்படும் வண்டிகள் இருந்ததால் அந்த ஊரின் மேல் அவருக்கு ஒரு பிரியம் விழுந்துவிட்டது.

அம்மாவுக்குத் தண்ணீர்தான் எல்லாம். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் நேராக அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்து, ஒரு கை பிடித்துக் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் மற்ற அறைகளைப் பார்ப்பாள். என்னை யாரும் கேட்கவில்லை. எங்கள் வகுப்பில் ரயிலில் வந்து போகிற பெண்களை மற்றவர்கள் "லோக்கல்" என்றுதான் கூப்பிடுவார்கள். பாருய்ப்பூர் என்ற பெயரைக் காதில் கேட்டாலே எனக்கு முகம் சுருங்கிவிடும்.

ஆனாலும் என்னை விட்டுவிட்டு அவர்களால் போக முடியாது. நான்தான் மொழிபெயர்ப்பாளர். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கம்பெனி மாற்றலில் வந்து அங்கேயே தங்கிப்போனவர். ஆபீஸில் இங்கிலீஷ், கடைத்தெருவில் கொஞ்சம் இந்தி, மிச்சத்துக்கு விரல். வந்த புதிதில் ஏதோ ஒரு கடையில் வங்காளியில் வாய் திறந்தாராம், கடையே சிரித்ததாம். அதோடு நிறுத்திக்கொண்டார் என்று அம்மா சொல்லுவாள். அம்மாவுக்குக் காய்கறிகளின் பெயரும் "எவ்வளவு" என்ற வார்த்தையும் தெரியும். அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தமிழைவிட வங்காளிதான் நாக்கில் ஓடும். அதில் எனக்குக் கர்வம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கர்வத்துக்கு நல்ல அடி விழும்.

"மழைக்குத் தண்ணி நிக்குமான்னு கேளுட்டி" என்று அம்மா ஆரம்பிப்பாள். அது பரவாயில்லை. "நல்ல வீட்ட ஏன் விக்காங்கன்னு கேளு." அதையும் எப்படியோ கேட்டுவிடுவேன். அடுத்தது வரும். "இந்த வீட்டுல யாராச்சும் அகாலமா செத்துருக்காங்களான்னு கேளு." சோபாவில் உட்கார வைத்து டீ கொடுக்கிற மனிதர்களிடம் இதை எப்படிக் கேட்பது? "வீட்டுக்குள் நல்லா காத்து வருமா?" என்று வங்காளியில் கேட்பேன். அவர்களும் சந்தோஷமாக, "நிறைய! தெற்கிலிருந்து வரும், வடக்கிலிருந்தும் வரும்" என்பார்கள். "அப்படி யாரும் இல்லையாம்மா" என்று நான் அம்மாவிடம் சொல்லுவேன். அந்த மாதிரி நேரங்களில் அப்பாவுக்குச் சரியாக இருமல் வரும். எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுவார்.

பாருய்ப்பூரில் அந்த வீட்டைப் பார்த்தது குளிர்காலத்தில். ஸ்டேஷனில் காத்திருந்த தரகர், வங்காளி வழக்கப்படி நான் அவரைக் காகு, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடுவேன், எங்களை நடத்தியே கூட்டிக்கொண்டு போனார். கொய்யாத் தோப்பை ஒட்டி ஒரு சின்னத் தெரு, அதன் கடைசியில் மஞ்சள் சுண்ணாம்பு அடித்த, தளம் போட்ட வீடு. வாசலில் செம்பருத்தி, பின்னால் குளம். வீட்டுக்காரருக்கு அப்பா வயதுதான் இருக்கும். அவருடைய மனைவி சிரித்த முகத்தோடு உள்ளே அழைத்தார்.

அம்மா வழக்கம்போல அடுக்களைக்குள் நுழைந்தாள். இந்தத் தடவை சீக்கிரம் வெளியே வரவில்லை. குளத்தைப் பார்த்த ஜன்னலைத் திறந்தாள், மேடையைக் கையால் தடவினாள், மேலே இருந்த பித்தளைப் பாத்திரம் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். "இங்கன கிரைண்டர் வச்சா வாசல் வரைக்கும் தெரியும்லா, யாரு வந்தாலும்" என்று சத்தமாகச் சொன்னாள். அவள் குரலில் அப்படி ஒரு துள்ளலை நான் அதுவரை கேட்டதில்லை. அப்பா புளியோதரைப் பொட்டலங்கள் இருந்த துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கத்தில்.

வீட்டுக்காரர் தரகரை நிலைப்படி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். தள்ளி என்றால் ஒன்றும் தூரமில்லை. எங்களுக்குப் புரியாது என்ற தைரியத்தில் குரலைக்கூட அவ்வளவாகத் தாழ்த்தவில்லை. வங்காளியில் அவர் சொன்னது இது:

"எங்கேயிருந்து பிடிச்சுட்டு வந்தீங்க இந்த மதராசிகளை? அந்த ஆளைப் பாருங்க, வீடு வாங்க வந்தவன் மாதிரியா இருக்கு, வேலை கேட்டு வந்தவன் மாதிரி பையை மடியில வச்சுட்டு உட்கார்ந்திருக்கான். அந்தப் பொம்பளை யாரைக் கேட்டு எங்க பாத்திரத்தைத் தொடறா? இவங்களுக்கு வித்தா தெருவுல நான் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? டீயைக் குடிச்சதும் கூட்டிட்டுக் கிளம்புங்க."

தரகர் பதறிப்போய் என்னைக் கண்ணால் காட்டினார். வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. தரையில் பதித்திருந்த சிவப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது, புரிந்ததற்கான அடையாளம் அங்கே ஒன்றுமே இருக்காது என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்காரரின் மனைவி டீயும், சந்தேஷ் என்கிற வெல்லம் போட்ட பால் இனிப்பும் கொண்டுவந்தார். அடுக்களையிலிருந்து அம்மாவும் வந்து உட்கார்ந்தாள். ஆண்கள் நிலைப்படி ஓரம் நிற்பதைப் பார்த்து, "என்ன சொல்லுதாரு அவரு?" என்று என்னைக் கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார். "வேற ஒருத்தருக்கு முன்னாலயே பேசி முடிச்சாச்சாம். தரகருக்கு விஷயம் தெரியலையாம். பாவம், அதான் சங்கடப்படுதாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் ஒரு வாக்கியம்கூடப் புரியாமல், இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு ஏதோ ஊகித்துச் சொல்கிறாரே என்று அவமானமாக இருந்தது. அதைவிட அவமானம், அவர் அந்தச் சந்தேஷை எடுத்துச் சாப்பிட்டது. நிதானமாகச் சாப்பிட்டார். டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். எழுந்து வீட்டுக்காரரின் மனைவியைப் பார்த்துக் கை கூப்பினார். தரகர் அப்பாவை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடினார்.

ஸ்டேஷன் வாசலில் அம்மா கொய்யாப்பழம் பேரம் பேசிக்கொண்டு நின்றபோது நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, அவரு அப்படிச் சொல்லல."

"அப்படியா?" என்றார். குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "பெறவு என்ன சொன்னாரு?"

அத்தனை வாக்கியமும் வங்காளியில் என் தலைக்குள் வரிசையாக நின்றது. தமிழில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. வேலை கேட்டு வந்தவன் மாதிரி என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் அவசரப்படுத்தவில்லை. காத்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

"அப்போ நான் சொன்னதே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் கையிலிருந்த பழங்களை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். மொழி தெரியாததை ஒப்புக்கொள்ள மனமில்லாத வீம்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரத்திலேயே, பாருய்ப்பூர் நமக்குச் சரிப்படாது, ராத்திரி கடைசி வண்டியை விட்டுவிட்டால் திண்டாட்டம் என்று அப்பா அறிவித்தார். சோனார்பூரில் மூன்றாவது மாடியில், குளமோ செம்பருத்தியோ இல்லாத ஒரு ஃபிளாட்டை வாங்கினோம். காலையில் அவருக்குத் தோதான வண்டி பாருய்ப்பூரிலிருந்து நிரம்பித்தான் வரும். ஓய்வு பெறும்வரை அப்பா நின்றுகொண்டேதான் போனார். கூட்டத்தைப் பற்றி ஒருநாளும் குறை சொல்லிக் கேட்டதில்லை. நானும் லோக்கல் ஆனேன். கொஞ்ச நாளில் பழகிவிட்டது.

நான் கல்லூரியில் படித்தபோது அப்பாவின் ஆபீஸ் நண்பர் ஒருவர் இறந்துபோனார். துக்கம் கேட்க அப்பாவோடு நானும் போயிருந்தேன். அங்கே அந்த நண்பரின் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பா வங்காளியில் பேசினார். திருநெல்வேலி ராகம் போகவில்லை. ஆனால் ஒரு வார்த்தை பிசகவில்லை. அந்த அம்மாள் விக்கி விக்கி வேகமாகச் சொன்ன எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். வீட்டுக்குத் திரும்பும்போது அதைப் பற்றி அவரிடம் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

பாருய்ப்பூரிலிருந்து திரும்பிய அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி காலியாகக் கிடந்தது. நான் வேண்டுமென்றே அப்பாவிடமிருந்து தள்ளி, எதிர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். அம்மா அந்த அடுக்களையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். "அந்த ஆளு வாங்கலைன்னா நமக்குச் சொல்லச் சொல்லுங்க. மனசு மாறினாலும் மாறும்லா?"

"தரகர்ட்ட சொல்லி வச்சுருக்கேன்" என்றார் அப்பா. "மாறுனா சொல்லுவாரு."

அம்மா திருப்தியோடு ஒரு கொய்யாப்பழத்தைப் பிட்டு அவரிடம் நீட்டினாள். ஒன்றும் தெரியாத மனிதர் என்று நான் அவரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த வீட்டில் சொன்னது புரியாமல் வந்தவள் எங்கள் மூன்று பேரில் அம்மா ஒருத்திதான் என்பதும், அவள் அப்படியே வீடு போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் அவர் அந்த டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.