காய்ந்த சோளத்தாம்பும் அக்காவின் இடது கையும்

எங்கள் அக்கா வளவனூரில், ஐப்பசி அடைமழையில், ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டும் கூலிகள். திண்டிவனத்தில் விடுதியில் தங்கி வேதியியல் படித்த அக்கா, விழுப்புரம் பக்கத்து அரசுப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்தார். கணவரை இளவயதில் இழந்து, ஒரே மகளை ஆளாக்கினார். ஓய்வுக்குப் பிறகு விக்கிரவாண்டி அருகே நிலம் வாங்கி, எலுமிச்சைப்புல்லும் வெட்டிவேரும் பயிரிட்டு, கொதிகலன் வைத்து எண்ணெய் வடித்தார்.

எலுமிச்சைப்புல்லின் மணத்துக்குச் சிட்ரால் காரணம், அது படர்தாமரைப் பூஞ்சையை அடக்கும், ஆனால் வேறு எண்ணெயில் கலக்காமல் தடவினால் தோல் வெந்துபோகும் என்று வாங்க வருவோரிடம் முதலிலேயே சொல்லிவிடுவார். அருகம்புல் சாற்றை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திய உறவினர் ஒருவரை வாசலில் நிற்க வைத்தே திட்டினார். "புல்லுல மருந்து இருக்குதுன்னா வெசமும் இருக்கும் மாமா. ஒழுங்கா மாத்திரையப் போடுங்க."

அக்காவின் கை உடைந்தது ஒரு பங்குனிப் பிற்பகலில். எண்ணெய் டின்களை ஏற்றிச் செல்ல நானும் அங்கே போயிருந்தேன். மழை பொய்த்த ஆண்டு அது. பக்கத்து நிலத்துக்காரர் சோளம் அறுத்தபின் நின்ற அடிக்கட்டை, அதாவது தாம்பு, மறுபடி துளிர் விட்டு, முழங்கால் உயரம் வளருமுன் வாடி நின்றது. வேறு தீவனம் இல்லாததால் தம் மூன்று பசுக்களை அதில் மேயவிட்டிருந்தார். இரண்டு பசுக்கள் நுரை தள்ளி விழுந்து, கால் உதைத்துச் செத்தன. அதற்குச் சற்றுமுன் அவை நீர் குடித்த வாய்க்காலில்தான் எங்கள் கொதிகலன் கழிவுநீர் கலந்தது. அவர் தம் மைத்துனர்கள் இருவருடன் வந்தார்.

"இன்னா டீச்சர், புல்லு வேவிச்ச தண்ணிய வாய்க்கால்ல வுட்டு எம்மாட்ட சாவடிச்சிட்டீங்களே."

"அதுல வெசம் இல்லைங்க. மாடு எங்க மேஞ்சிது, அதச் சொல்லுங்க."

"மாடு செத்துக் கெடக்குது, நீங்க பாடம் நடத்திக்கினு இருக்கீங்க."

மைத்துனர்கள் என்னைப் புல்லுக்குள் தள்ளி மிதித்தார்கள். அவர் இரும்புக் குழாயால் கொதிகலனை அடித்தார். மூடி பிளந்து ஆவி சீறியது. குறுக்கே போன அக்காவின் இடது முன்கையில் அடுத்த அடி விழுந்தது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்ததைப் பார்த்தேன். கீழே விழுந்தவரின் விலாவிலும் உதைத்தார்கள்.

அப்போது நிலத்துக்காரரின் மனைவி வரப்பிலிருந்து கத்தினார். மூன்றாவது பசுவும் விழுந்துவிட்டது. நிறைசினை.

அக்கா எழுந்து நின்று அந்த அம்மாவிடம் கேட்டார். "சோளத்தாம்பு தின்னுச்சா?"

"ஆமா டீச்சர். பச்சையா இருந்துச்சேன்னு வுட்டோம்."

சோளமும் புல்லினந்தான். வறட்சியில் வாடிய அதன் இளந்துளிரில் டுரின் என்ற பொருள் மிகுந்திருக்கும். மாடு மென்றதும் அதிலிருந்து சயனைடு வெளிப்படும். டியூஷன் பிள்ளைகளுக்குச் சோதனை காட்ட அக்கா கொட்டகையில் வைத்திருந்த ஹைப்போ உப்பு, அதாவது சோடியம் தயோசல்பேட், அந்த விஷத்தை முறிக்கக்கூடியது. என்னைக் கரைக்கச் சொல்லி, மூங்கில் குழாயில் ஊற்றிக்கொண்டு பசுவிடம் போனார். நிலத்துக்காரர் மறித்தார்.

"தொடாதீங்க. வெசம் வெச்ச கை அது."

அக்கா வலது கையால் ஓங்கி அறைந்தார். அவர் உதடு கிழிந்தது. "வாயத் தொறந்து புடிய்யா, ஜல்தி. உன் வாய இல்ல, மாட்டு வாய."

அவர் பிடித்தார். மாட்டின் மூக்கில் அக்காவின் ரத்தம் சொட்டியது. நான் போன் செய்து வரவழைத்த கால்நடை மருத்துவர் அதே மருந்தை நரம்பில் ஏற்றினார். பொழுது சாயும் வேளையில் பசு எழுந்து நின்றது.

அக்காவின் கை பிறகு நேராகவே இல்லை. "மாடு பொழச்சிச்சு இல்ல, கேச வுட்டுடுங்க டீச்சர்" என்று ஊரார் கேட்டபோது, "மாடு பொழச்சது மாட்டுக்கு. என் கைக்கு இன்னா சொல்றீங்க?" என்றார். தாம் அறைந்ததையும் சாட்சிக் கூண்டில் மறைக்காமல் சொன்னார். நிலத்துக்காரருக்குத் தண்டனை கிடைத்தது.

கடந்த மாசியில், சிறுநீரகம் செயலிழந்து, திண்டிவனத்தில் அக்கா மறைந்தார். கடைசிவரை கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், பாடை சுமந்த மாணவர்களுக்கும், காரியத்தை முன்நின்று நடத்திய பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றியும் வணக்கமும்.

நிலத்துக்காரரும் மாலையோடு வந்து, தெருமுனையிலேயே நின்றார். அவருக்கும் நன்றி எழுதலாமா என்று அக்காவின் மகளைக் கேட்டேன். "வேணாம் மாமா. இந்த நினைவு மலர் மட்டும் ஒண்ணு குடுத்துடுங்க, படிக்கட்டும்" என்றாள். இந்த மலரின் பிரதி ஒன்றை நானே அவர் வீட்டில் கொடுக்கப் போகிறேன்.